அந்த இடப்புருவம்

அறுபதுகளில் ஒரு காலை, கடலூரில் ரயில் ஏறி என் எதிரில் அமர்ந்தவரைப் பெட்டியே அடையாளம் கண்டுகொண்டது. படங்களில் கதாநாயகனுக்குப் பின்னால் நின்று, இடப்புருவத்தை மட்டும் உயர்த்தி அரங்கைச் சிரிக்க வைப்பவர் அவர். நேரில் மெலிந்த உருவம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பள்ளி ஆய்வாளரைப் போலிருந்தார். அந்தப் புருவத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்திருந்தார்.

“ஒரே ஒரு தரம் தூக்குங்க மாமா!” என்றார் ஒரு பயணி.

“இன்னிக்கு அதுக்கு லீவுப்பா.”

பெட்டி சிரித்து அடங்கியதும், தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: “சிதம்பரத்துல பொண்ணுக்குச் சம்பந்தம் பேசப் போறேம்மா. போன தடவ மாப்ள வூட்டுக்காரங்க, நான் வாயத் தொறந்ததுமே சிரிச்சாங்க. அப்புறம், கோமாளி வூட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னுட்டாங்க.”

சிதம்பரம் வந்தது. விரலை எடுத்துவிட்டு முகத்தை என் பக்கம் திருப்பினார். புருவம் அசையவில்லை.

“நெஜமாச் சொல்லுங்க. சிரிப்பு வருதா?”

“இல்லை,” என்றேன். அது உண்மை.

“கொஞ்சங்கூடவா?”

கேட்டபடியே வெற்றிலை பாக்குப் பையுடன் இறங்கிவிட்டார். நடைமேடையில் அவர் விரல் மறுபடியும் புருவத்தைத் தொட்டது. அதை அடக்குவதற்கா, இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதற்கா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.