ஜிம்மிக்கு யார் பொறுப்பு

அன்றைக்கு எங்கள் லயத்து வீட்டு வரிசையின் வாசலில் இருந்தவர்களை இப்போதும் வரிசையாகச் சொல்வேன். அப்பா, அம்மா, அம்மாவின் இடுப்பில் தம்பி, கடைசி வீடான தொங்கல் காம்பராவில் இருக்கிற மாமி, நாய்களுக்கு ஊசி போட வந்த ஐயா, அவரோடு கயிறு பிடிக்கிற ஆள், நான். நடுவில், அப்பாவின் காலில் தலை வைத்துப் படுத்தபடி ஜிம்மி.

இலங்கையில் ரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். வெறிபிடித்த விசர்நாய் பயம் என்று ஜீப்பில் வந்திருந்தார்கள். ஐயாவிடம் இரண்டு விதமான ஊசி இருந்தது. சொந்தக்காரர் நாயின் கழுத்தைப் பிடித்துப் பேர் கொடுத்தால் நோய் வராமல் தடுக்கிற ஊசி, கூடவே ஒரு சிவப்புப் பட்டி. யாரும் முன்வராத நாய்க்கு மற்ற ஊசி. மேல் லயத்தில் அந்த ஊசி போட்ட கறுப்பு நாயைச் சற்று முன்தான் சாக்கில் இழுத்துப் போனார்கள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. ஆனாலும் அப்பா இருக்கிறாரே என்று நின்றேன்.

"இது யார் நாய்? பேர் சொல்லணும். நாளைக்கு யாரையும் கடிச்சா அந்த ஆள்தான் பொறுப்பு, கேஸ் வரும், கோட்டுக்கு வரணும்," என்றார் ஐயா, சிங்களவர் பேசும் தமிழில்.

அப்பா காலை இழுத்துக்கொண்டார். "நம்ம நாய் இல்லீங்க. சும்மா வரும், போகும்."

ஜிம்மி எழுந்து, நகர்ந்த காலைத் தேடிப் போய் மறுபடி தலையை வைத்தது. கயிற்றுக்காரன் சிரித்துவிட்டான். "நாய்க்குத் தெரியுது, ஒனக்குத் தெரியலியா?"

அம்மாவைப் பார்த்தேன். அம்மா தம்பியின் மூக்கைத் துடைத்தாள். காலையில்கூட அப்பா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து ஜிம்மிக்குப் போட்டாரே! வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைக் கிள்ளினாள். ஐயா மற்ற ஊசியை எடுத்தார்.

"இருங்க, இருங்க!" மாமி கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஜிம்மியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "என் நாய். எழுதிக்கங்க." பிறகு அப்பாவிடம் தாழ்ந்த குரலில், "எனக்குத்தான் பிரஜாவுரிமை கெடச்சிருச்சே, கோட்டுக்கு நான் போறேன். நீங்க ஒங்க மனுவப் பாத்துக்கங்கண்ணே," என்றாள்.

அன்று ராத்திரி மாமியின் வாசலில் சிவப்புப் பட்டியோடு ஜிம்மி கட்டப்பட்டிருந்தது. அப்பாவின் தட்டோரத்தில் பாதி ரொட்டி அப்படியே கிடந்தது. எங்கள் நாயை மாமி பறித்துக்கொண்டாள் என்று நான் அவளோடு பேசுவதையே விட்டேன்.

இந்த நாட்டிலேயே இருக்க விடும்படி அப்பா மனுப் போட்டிருந்தாராம். ஒரு வழக்கு விழுந்தால் மனு கெட்டுப்போகும் என்று யாரோ பயம் காட்டியிருந்தார்களாம். இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொன்னது.

வழக்கு ஒன்றும் விழவில்லை. மனுதான் தள்ளுபடியானது. மறு வருடம் எங்களை இந்தியாவுக்குப் போகச் சொன்னார்கள். என் பள்ளிக்கூடமும் அதோடு முடிந்தது.

மாத்தளை ஸ்டேஷனுக்கு லொறி கிளம்பும்போது, எங்கள் பின்னால் ஓடிவரப் பார்த்த ஜிம்மியை மாமி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பா திரும்பவே இல்லை. நான் அவர் சட்டையை இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன்:

"நம்ம நாய்தான்னு இப்பயாவது சொல்லுங்கப்பா. சொன்னா நம்மள இங்கேயே விட்டுருவாங்க."