‘சுகமோ?’ என்று கேட்ட ஆய்வு

மற்றவர்கள் எழுதிய மருத்துவக் கட்டுரையை வாசித்து, அதன் கடைசி வரி சொல்லும் சிகிச்சையை முன் பக்கங்கள் தாங்குகின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் தொழில். தாங்காவிட்டால் சண்டை பிடிக்கவும் அனுமதி உண்டு. கல்யாண வீடுகளில் வாய்காட்டி ஏச்சு வாங்கிய எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திராது. போனில் வந்த ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்ற செய்தியை நம்பி ஏமாந்த சகோதரங்களே, இது உங்களுக்குத்தான்.

உள்ளங்கைக்குக் கீழே

பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் முடித்த கையோடு, திருகோணமலையில் ஒரு வைத்தியசாலையின் நீரிழிவுப் பிரிவில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தேன். ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். என்னைவிடச் சில வயதே மூத்தவரான றிஸ்னா டொக்டர் முதல் நாளே ஒரு கட்டுரையை மேசையில் வைத்து, முடிவுரையைத் தன் உள்ளங்கையால் மூடிவிட்டார். “யாருக்கு என்ன செய்தவை எண்டு மட்டும் பாரும். முடிவை நீரே எழுதும்.”

வாசித்ததில் ஒன்றும் உறுதியாகவில்லை; ‘தெரியாது’ என்று எழுதினேன். அவர் கையை எடுத்தார். ‘அனைவருக்கும் பரிந்துரைக்கிறோம்’ என்றிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது பச்சைப் பொய்தானே என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “பொய் இல்லை. ஆசை.”

கிளச்

எங்கள் பிரிவில் படுத்திருந்த மகேந்திரண்ணை தம்பலகாமத்தில் ட்ரக்டர் ஓட்டுகிறவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. இடது காற்பெருவிரலில் புண் வந்து, கிருமி எலும்புக்குள் இறங்கிவிட்டது. விரலை எடுக்காவிட்டால் பாதமே போகலாம், நாளைக் காலமை முடிவு சொல்ல வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகேந்திரண்ணையோ மகள் இணையத்தில் எடுத்துக் கொடுத்த ஒரு கட்டுரையை என்னிடம் நீட்டினார். ஒரு களிம்பு பற்றியது. பூசியவர்களில் பெரும்பாலோர் குணமடைந்தார்கள், ஆகவே விரலை வெட்டுவதற்குப் பதிலாக இதைப் பரிந்துரைக்கலாம் என்று முடிந்திருந்தது. எத்தனை பேராசிரியர்கள், எத்தனை வரைபடங்கள். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அண்ணை கேட்டார்: “பெருவிரல் இல்லாம கிளச்சை எதால மிதிக்கிறது தங்கச்சி? உங்கட டொக்டருக்கு ட்ரக்டர் ஓடத் தெரியுமோ?”

பின்னிணைப்பு

மத்தியானச் சாப்பாட்டையும் மறந்து, கடைசி வரியை மூடிக்கொண்டு வாசித்தேன். களிம்பு பூசிய எல்லாருக்கும் தினமும் புண்ணைக் கழுவிக் கட்டியும் இருக்கிறார்கள். புண்ணை ஆற்றியது களிம்பா, கழுவலா? களிம்பில்லாமல் கழுவிக் கட்டியவர் ஒருவர்கூட ஒப்பிட இல்லை. அதைவிட அநியாயம், எலும்புவரை போன புண்காரரை அவர்கள் சேர்க்கவே இல்லை. மகேந்திரண்ணை மாதிரி ஒருவரும் அந்த ஆய்வில் இல்லாமல், யாருடைய விரலை வெட்ட வேண்டாம் என்கிறார்கள்?

குணமானதை எப்படி அறிந்தார்கள் என்று தேடினேன். புண்ணை அளக்கவில்லை. படமும் எடுக்கவில்லை. தமிழ் நோயாளரிடம் களிம்பு கொடுத்தவரே பிறகு கேட்ட கேள்வி மட்டும் பின்னிணைப்பில் இருந்தது: ‘இப்ப சுகமோ?’ ‘ஓம்’ என்றவரெல்லாம் குணமடைந்தவர். அதிலுள்ள பிழை எனக்கு அப்போதும் பிடிபடவில்லை.

கடதாசியும் கையுமாக நோயாளர் விடுதிக்குள் போய், வழக்கம்போல, சுகமோ அண்ணை என்று கேட்டேன். கட்டுத்துணியை மீறி நாற்றம் வந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலில் எழும்பி இருந்து, முகம் மலர்ந்து சொன்னார்: “ஓம் தங்கச்சி, சுகம். நீங்களும் சுகம்தானே?”

நான் தோற்ற வாதம்

அது நலம் விசாரித்ததற்கு மரியாதைப் பதில், புண்ணைப் பற்றிய பதில் அல்ல. அத்தனை பேராசிரியர்களும் சேர்ந்து எழுப்பிய கோபுரம் எங்கள் ஊர் மரியாதையின் மேலல்லவா நிற்கிறது! அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன், கோபத்தில் கொஞ்சம் சத்தமாகவே. அவர், அப்படியென்றால் அந்த மருந்து உதவாததோ என்றார். ஓம், உதவாது என்று அடித்துச் சொல்ல வாய் துடித்தது. ஆனால் அதற்கும் சாட்சியம் இல்லையே. “அதுவும் தெரியாது அண்ணை. உங்கட புண்ணுக்கு அதை நம்பிப் பொறுத்திருக்க ஏலாது எண்டது மட்டும் தெரியும்.”

தெரியாது என்றதும் என்னை நம்பமாட்டார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நம்பினார். “சரி, விரலை எடுக்கச் சொல்லுங்கோ. ஆனா இனி என்னட்டைச் சுகமோ எண்டு கேளாதேங்கோ, புண்ணைப் பாருங்கோ.”

ஒரே மாதிரி இரண்டு குழாய்

விரலை எடுத்தார்கள், பாதம் தப்பியது. நடுப்பாதத்தால் கிளச் மிதிக்கப் பழகிவிட்டார். பிறகு எங்கள் பிரிவு அனுமதி பெற்று, மேலோட்டமான புண்களுக்கு அதே களிம்பை ஒழுங்காகச் சோதிக்கத் தொடங்கியது. எல்லாருக்கும் கழுவிக் கட்டுவோம். ஒரு குழாயில் மருந்து, மற்றதில் வெறுங்களிம்பு. எது யாருக்கு என்று பூசுகிறவருக்கும் தெரியாது, புண்ணை அளக்கிறவருக்கும் தெரியாது. வலது காலில் சின்ன வெடிப்போடு வந்த மகேந்திரண்ணையிடம், விருப்பமில்லாவிட்டால் சேர வேண்டாம், அதனால் உங்கள் வைத்தியம் குறையாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். விரலைக் காக்க அந்தக் களிம்பை அப்படிக் கேட்ட மனிதர், அது கிடைக்காமலே போகலாம் என்று தெரிந்தும் குழாயை வாங்கிக்கொண்டார். வாங்கியபடியே சொன்னார்: “எனக்கு வெறுங்களிம்பு வந்தாலும் பரவாயில்லை தங்கச்சி. இன்னொருத்தன்ர மகள் எடுத்துக் குடுக்கிற கடதாசியில எண்டாலும் உண்மை இருக்கட்டும்.”

இப்போது யாராவது என்னிடம் சுகமோ என்று கேட்டால், எதைக் கேட்கிறீர்கள், யாரோடு ஒப்பிட்டு, அளந்தவர் யார் என்று திருப்பிக் கேட்காமல் ‘ஓம்’ சொல்ல எனக்கு ஏலாமல் இருக்கிறது.