பீரோவுக்குள் பூட்டிய வைஃபை

என் அக்காவின் கணவர் வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு அறந்தாங்கிக்குத் திரும்பியவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்பது எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. ஆனால் பாலம், விமானம், கம்ப்யூட்டர் என்று எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் மச்சானிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு எழாது. அந்தத் துணிச்சல் இல்லாததால்தானோ என்னவோ, பிளஸ் டூவோடு நின்று, மற்றவர்கள் கல்யாணத்தை வெட்டி ஒட்டும் வேலைக்கு வந்தேன்.

அக்கா வீட்டு முன்னறைதான் என் எடிட்டிங் அறை. போன வருடம் மணமேல்குடிப் பக்கம் ஒரு கல்யாணம் எடுத்தோம். மாப்பிள்ளை தாலி கட்டிய கொஞ்ச நாளிலேயே விமானம் ஏறிவிட்டார். அந்தப் பெண் அடிக்கடி போன் செய்வாள்.

"அண்ணே, வீடியோ ரெடியாண்ணே? அவசரமில்லண்ணே. சும்மாதான் கேட்டேன்."

அவசரமில்லை என்று சொல்பவர்களின் அவசரம் எனக்குத் தெரியும். கேமரா கார்டுகளை அடுத்த விசேஷத்துக்காக அழித்தாகிவிட்டது. எங்கள் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். என்னுடைய பழைய ஹார்டு டிஸ்க்கும் நிரம்பி வழிந்தது. அந்தக் கல்யாணம் முழுவதும் என் லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அந்த லேப்டாப்போ, அரவை மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது.

இதைக் கேட்ட மச்சான் திருச்சிக்குப் போய் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கி வந்தார். நெட்வொர்க் ஹார்டு டிஸ்க்.

"ஒயரே வேணாம் மாப்ள. நீ ஒம்பாட்டுக்கு ஒக்காந்திரு. எல்லாம் காத்துலயே போயிரும்."

வீட்டு வைஃபை ரூட்டரோடு அதை இணைத்து ஓட்டிக் காட்டினார். உண்மையாகவே ஓடியது. ஏதோ ஒரு காதுகுத்துப் போட்டோக்கள் மளமளவென்று அந்தப் பெட்டிக்குள் போயின. மச்சான் எங்களை ஒரு பார்வை பார்த்தார். காற்றையே அவர்தான் கண்டுபிடித்தார் போல.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் பக்கத்தில் விலை கூடிய பொருளுக்கு இடம் ஒன்றுதான்: இரும்பு பீரோ. நகை, பத்திரம், பட்டுப்புடவை எல்லாம் அங்கேதான். மச்சான் வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து பீரோவின் முதுகில் ஓட்டை போட்டார். ஒயர்களை அந்த வழியே உள்ளே விட்டு, ரூட்டரையும் பெட்டியையும் அக்காவின் புடவைகளுக்கு நடுவில் உட்கார வைத்துப் பூட்டினார். ஒயரே வேண்டாத சாமானுக்காக பீரோவில் ஓட்டை போட்ட வீடு இந்தத் தாலுகாவிலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

அன்று முதல் லேப்டாப்பிலிருந்து பெட்டிக்குக் காப்பி நகரவில்லை. கொஞ்சம் ஓடும், அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வீட்டில் யாருக்கும் நெட் சரியாக வரவில்லை. ஒருநாள் அக்கா புடவை எடுக்க பீரோவைத் திறந்தாள், காப்பி பாய்ந்தது. மூடினாள், நின்றது. பிறகு அவள் திறந்தபோதும் அப்படியே நடந்தது. துணிச்சலை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

"பீரோவத் தெறந்து வச்சா ஓடும் போல மச்சான்."

"நகையிருக்கிற பீரோவத் தெறந்து வச்சிட்டு, வாசல்ல மேளம் அடிச்சு ஊரக் கூப்புடவா?"

"இல்ல... இரும்பு..."

"கப்பலும் இரும்புதான் மாப்ள. அதுக்குள்ள போன் பேசல? ஒன் லேப்டாப்பு கெழவன். அதுக்குக் காது கேக்கல."

அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

குளத்தூரில் மச்சானின் சொந்தத்தில் ஒரு சாவு விழுந்து இருவரும் போயிருந்த அன்று, லேப்டாப் டக் டக்கென்று அடிக்க ஆரம்பித்தது. ரிப்பேர் கடைக்குப் போன் செய்து சத்தத்தைக் கேட்க வைத்தேன். "டிஸ்க் போகப்போகுதுண்ணே. ஆஃப் பண்ணிறாதீங்க. ஒயரப் போட்டு ஒடனே காப்பி எடுங்க" என்றார் கடைக்காரர். ஒயர் மாட்ட வேண்டிய ரூட்டரும் பெட்டியும் பீரோவுக்குள். பீரோ சாவி அக்காவின் இடுப்பில். இடையில் அந்தப் பெண்ணின் போன் வேறு. நான் எடுக்கவில்லை.

சாயங்காலம் வந்தவர்கள் நேரே கொல்லைப்பக்கம் போனார்கள். எழவு வீட்டுக்குப் போய்வந்தால் தலைமுழுகாமல் எதையும் தொடக்கூடாது.

"அக்கா, சாவி வேணும். இப்பவே வேணும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மச்சான் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கத்தினார். "தீட்டோட பீரோவத் தெறக்குறதா? எம்புட்டு அவசரம்னாலும் நான் குளிச்சிட்டு வந்து பாக்குறேன்!"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து சாவியை உருவித் தண்ணீர் வாளிக்குள் போட்டாள்.

"தண்ணில முழுகிருச்சு. தீட்டுப் போச்சு. எடுத்துட்டு ஓடு தம்பி."

பீரோவை அகலத் திறந்தேன். லேப்டாப்பை அணைக்காமல் தூக்கிவந்து, ரூட்டரில் ஒயரைச் சொருகி, கல்யாண ஃபோல்டரை முதலில் அனுப்பினேன். ஈரத்துண்டோடு பின்னால் நின்று மச்சான் பொருமினார்: "ஒயரப் போடுறதுக்கா நான் இத வாங்குனேன்?" நான் திரும்பவில்லை. கல்யாணம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. மற்ற விசேஷங்களில் பாதி போனதோடு லேப்டாப் கண்ணை மூடியது.

இரவல் லேப்டாப்பில் வேலையை முடித்துச் சொல்லி அனுப்பினேன். அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். எடுத்துப் போகும் முன் இங்கேயே கொஞ்சம் பார்க்கட்டுமா என்று கேட்டாள். போட்டேன். மாப்பிள்ளை யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கும் இடம் வந்தது. அவள் திரையை நெருங்கிக் குனிந்தாள்.

அதற்குள் மச்சான் வந்துவிட்டார். "இது எப்புடித் தப்பிச்சுச்சு தெரியுமாம்மா? நான் வாங்கிப் போட்ட பெட்டி. ஒயரே கெடையாது. அப்புடியே காத்துலயே..."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செத்த நேரம் பேசாம இருங்கண்ணே. அவுக என்ன சொல்றாகன்னு கேக்கல."