வாத்து சுட ஒரு டப்பா டிவி

சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துப்பாக்கி அது. விசையை அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் 'டக்' என்று சத்தம் போடும். டிவியில் பறக்கும் வாத்து சுருண்டு விழும். அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினான்கு. கோடை விடுமுறையில் அம்மா மில் வேலைக்குப் போன பிறகு, வெயிலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, பாயில் தோள் உரச உட்கார்ந்து நாங்கள் இருவரும் மாறி மாறிச் சுடுவோம். நான் குறி தவறினால் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். முப்பது வருடங்களுக்கு மேலாக என்னிடம் இருக்கும் காட்சி இது.

சென்ற வருடம் அம்மா காலமானார். கோவை வீட்டைக் காலி செய்தபோது பரண்மேல் டிவியில் இணைத்து ஆடும் அந்த வீடியோ கேம் பெட்டியும் துப்பாக்கியும் கிடைத்தன. அக்கா பொள்ளாச்சியில் இருக்கிறாள். அம்மா இருந்தவரை எங்கள் தொலைபேசிப் பேச்சு முழுக்க அம்மாவைப் பற்றியே இருந்தது. அதன் பிறகு, "சாப்பிட்டியா கண்ணு?", "சாப்பிட்டேன்க்கா" என்பதோடு இரண்டு பக்கமும் அமைதியாகிவிடும். எங்களுக்குள் பேச வேறு எதுவும் இருந்ததில்லையோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது. இந்த வாத்துகளாவது எங்களைப் பேச வைக்கும் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுத் தட்டை டிவியில் இணைத்தோம். வாத்துகள் பறந்தன. எத்தனை முறை சுட்டும் ஒன்றுகூட விழவில்லை. என் வீட்டுக்காரர் செல்போனில் தேடிப் படித்துவிட்டுக் காரணம் சொன்னார். துப்பாக்கி திரையின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வேலை செய்யுமாம். பழைய பிக்சர் ட்யூப் வெளிச்சத்துக்கு மட்டுமே அது பழக்கமாம். புது டிவியில் படம் ஒரு நொடிக்கும் குறைவாகப் பிந்தி வருவதால் அது ஏமாந்துபோகுமாம். எனக்கு முழுதாக விளங்கவில்லை. டப்பா டிவி ஒன்று வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த அந்தப் பெட்டிகள் எல்லாம் எங்கே போயின என்று அப்போதுதான் திகைத்தேன். உக்கடம் பக்கம் பழைய இரும்புக் கடைக்காரர், "ட்யூப்ப ஒடச்சு செம்ப எடுத்துப்போட்டோமுங்க. வெறுங்கூடு இருக்குது, தரட்டுங்களா?" என்றார். டிவி மெக்கானிக் ஒருவர், சினிமா ஷூட்டிங்குக்கா என்று கேட்டார். கடைசியில் துடியலூரில், ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வீட்டில், பூப்போட்ட துணி உறைக்குள் ஒன்று இருந்தது. அவர் என்னைக் கவலையோடு பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இதுல இப்பச் சேனலு ஒண்ணும் வராதுங்களே?"

"சேனல் பாக்க இல்லீங்க டீச்சர். வாத்து சுடறதுக்குங்க."

அவர் உள்ளே போய் எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

டிவியை அவரிடம் வாங்கி, இரண்டு பேராகத் தூக்கிக் காரின் பின் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டுப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனோம். "என்ன கண்ணு, செத்த டிவியத் தூக்கிட்டு வந்திருக்கறே?" என்று அக்கா வாசலுக்கு வந்தாள். இணைத்து, ஸ்விட்சைப் போட்டதும், கண்ணாடி மெல்ல வெளுத்து வாத்துகள் பறந்தன. துப்பாக்கியை அவள் கையில் கொடுத்தேன். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எதப் புடிச்சு இழுக்கோணும்?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று சிரித்தேன். "நாம எத்தன நாள் சுட்டிருக்கோம்க்கா!"

"நாமளா? நான் எங்க கண்ணு சுட்டேன்? நீதான் ஆருக்கும் குடுக்க மாட்டியே. நான் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துட்டுப் போயிருவேன். ஒருக்காக் கேட்டதுக்கு, 'உனக்குத் தெரியாது போ'ன்னுபோட்டே."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அதிகம் குழப்பியது. அப்படியானால் என் தோளில் உரசியது யார் தோள்? பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வருவார்களா என்று கேட்டேன். "ஆரும் வரமாட்டாங்க. நீ ஒத்தையாத்தான் உக்காந்திருப்பே" என்றாள். அவள் மறந்திருக்கலாம். ஆனால் ஒரு முறையாவது விசையை இழுத்த விரல் அப்படித் தேடாது. அம்மா மில்லில், சமையல் அக்காவின் தலையில், நான் பாயில். அந்த மத்தியானங்களை நினைக்கத் தாங்காமல் அவளை என் பக்கத்தில் நானே உட்கார வைத்துக்கொண்டேனா? தெரியவில்லை.

அவள் விரலை விசையில் வைத்துக் காட்டினேன். முதல் மூன்று வாத்துகள் தப்பின. நான்காவது விழுந்ததும் அக்கா போட்ட கூச்சலில் அவள் வீட்டுக்காரர் தோப்பிலிருந்து ஓடி வந்துவிட்டார். அதன்பின் துப்பாக்கி என் கைக்கு வரவே இல்லை. "எனக்கு ஒரு வாட்டிக்கா" என்றேன். "இரு கண்ணு, இத முடிச்சுப்போட்டுத் தாரேன்" என்று திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள். சாயங்காலம் வரை தரவில்லை.

டிவியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இப்போது வாரத்துக்கு இரண்டு முறையாவது அவளே கூப்பிட்டு, எந்த வாத்து எந்தப் பக்கமாகத் தப்பியது என்று விலாவாரியாகச் சொல்கிறாள். போன வாரம் நான் மனதை அடக்க முடியாமல், "அக்கா, நெசமாலுமே நான் ஒருக்காக்கூடக் குடுக்கலையா?" என்று கேட்டுவிட்டேன்.

அந்தப் பக்கம் துப்பாக்கி ஒரு முறை 'டக்' என்றது.

"எனக்கும் இப்பக் கொழப்பமாத்தான் இருக்குது கண்ணு. நீ சொல்லச் சொல்ல, குடுத்த மாதிரித்தான் தோணுது."