வரி கட்டாத சனம்

எங்கள் பிரதேச சபை, வரிப்பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. அது கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் கொழும்பில் ஏதாவது துணிக்கடை. என் நிலைமை அதுதான்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவிசாவளை பஸ்ஸில் ஏறி, சபை அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த மிஸ் படிவத்தைப் புரட்டிவிட்டு, "சபைக்கு வரி கட்டுறீங்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். வரி கட்டுகிறவர்களின் பிள்ளைகளுக்குத்தானாம் இந்தக் காசு.

"இல்ல மிஸ், நாங்க தோட்டம்," என்றேன், யோசிக்காமல்.

தோட்டத்து லய வீடுகளில் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டு வரி எங்கள் பெயரில் வராது. ஆகவே நாங்கள் வரி கட்டாத சனம். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் ஏ எடுத்த மண்டை அதற்கு மேல் ஓடவில்லை.

மிஸ் படிவத்தைத் திருப்பித் தந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்தது, மிஸ் மேல் இல்லை, என் மேல்.

"யாருடி உன்னைய இல்லைன்னு சொல்லச் சொன்னது? ஞாயித்துக்கிழமை சந்தையில நான் சும்மாவா குந்தியிருக்கேன்?"

அம்மா கிழமை நாட்களில் ரப்பர் பால் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை டவுன் சந்தையில் ஈரப்பலாவும் கறிவேப்பிலையும் விற்பார். விற்றாலும் விற்காவிட்டாலும், சாக்கு விரித்த இடத்துக்குச் சபை வரி வாங்கும். அதற்குக் கொடுக்கும் ரசீதுத் துண்டைச் சந்தையில் விற்கிறவர்கள் அங்கேயே கசக்கி எறிந்துவிடுவார்கள். அதை வரி என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

அம்மா என்னை ஒதுக்கிவிட்டுச் சிங்களத்தில் ஆரம்பித்தார். பேரம் பேசிப் பழகிய சிங்களம் அது, என்னுடையதைவிடச் சுத்தம்.

"ஒவ்வொரு ஞாயிறும் உங்க சபைக்குத்தான் கட்டுறேன் மிஸ். கட்டாட்டி என்னைய அங்க இருக்க விடுவீங்களா?"

பின் மேசையில் இருந்த சந்தை வரி வாங்குகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "இந்த அக்கா கட்டுறவங்கதான். மழை நாள்லயும் தப்பினதில்ல," என்றார்.

மிஸ் உள்ளே போய்ச் செயலாளரிடம் கேட்டுவிட்டு வந்து, படிவத்துக்குக் கை நீட்டினார்.

அடுத்த மாதம் புலமைப்பரிசில் கடிதங்களை மேடையில் கொடுத்தார்கள். சபைத் தலைவர் பேசும்போது, தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் சபை உதவி செய்கிறது என்றார். பக்கத்தில் இருந்த அம்மா, நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "நான் கட்டினதுதானே," என்றார்.

என் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழும்பவில்லை. அம்மாவை அனுப்பினேன்.