அண்ணன் கொண்டுவந்த ஆவுளியா

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகு குடோனுக்குப் பின்னால் குடியிருந்தோம். மூத்தவள் பிறந்தும் எனக்குப் பால் ஊறவில்லை. “கொச்சு கரையுதே மோளே” என்று பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சி, பிள்ளை அழுவதைச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கும் அடுப்படிக்குமாக அலைவேன்.

தகவல் தெரிந்ததும், ராமநாதபுரம் பக்கம் மீன்பிடிக்கிற அண்ணன் ஆவுளியா உப்புக்கண்டத்தோடு வந்துவிட்டார். கடல்பசுவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தக் கறி பால் ஊறவைக்கும் என்று எங்கள் வீட்டில் நம்பிக்கை.

“கடல்புல்லு மேயுற சாதி, சுத்தமான கறி. அதுலயும் இது குட்டி போட்டது. கரையில இழுத்துப் போட்டப்ப பால் கசிஞ்சுச்சு. உனக்குன்னே கெடச்சிருக்கு தங்கச்சி.”

“குட்டி என்னண்ணே ஆச்சு?”

“படகுக்குப் பின்னாடியே வந்துச்சு. கரைகிட்ட வந்ததும் காணோம்.”

அடுப்பில் கறி கொதித்தது. பிள்ளை வீறிட்டாள். என் ரவிக்கை நனைந்திருந்தது. அவளை அள்ளி நெஞ்சோடு சேர்த்தேன். சட்டியை இறக்கக்கூட எழவில்லை. கறி தீய்ந்தே போனது.

“நான் ஒரு வாய்கூடத் திங்கலண்ணே” என்றேன்.

“வாசத்துக்கே ஊறிருச்சு பாத்தியா!” என்று சிரித்தார். ஊரெல்லாம் போய் அதையே சொன்னார்.

எண்பதுகளில் இளையவன் பிறந்தான். அவன் பால்குடி மறந்த பிறகுதான், பிறந்ததையே அண்ணனுக்குச் சொன்னேன்.