கண் மங்கிய பிறகு ஏறிய குதிரை

எனக்குப் பார்வை ஓரங்களிலிருந்து குறைந்துகொண்டு வந்தது. ஓசூர் தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மேஜை மேல் இருக்கும் பாகத்தில் முடி மாதிரிக் கீறல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பக்கவாட்டில் டிராலி வருவது மட்டும் தெரியாது. இடித்து விழுந்த பிறகு பெங்களூரில் காட்டினோம். விழித்திரைக் கோளாறு, மருந்து கிடையாது என்றார்கள். சுருட்டிய பேப்பர் வழியாகப் பார்ப்பதுபோல உலகம் சிறுத்துப்போனதும் வேலையை விட்டேன். அப்போது எனக்கு நாற்பது ஆகவில்லை.

வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். அவர் கிளம்பிப் போனதும் நானும் சுவரும்தான். விறுவிறுவென்று நடந்து பழகியவள் நான். கையை நீட்டித் தடவிக்கொண்டு போவதில் எனக்கு வந்த அழுகை, வரப்போகும் இருட்டை நினைத்துக்கூட வந்ததில்லை.

என்னோடு ஒரே லைனில் வேலை பார்த்த தோழி பாகலூர்ப் பக்கம் இருந்தாள். அவள் கணவர் குதிரைகள் வைத்திருந்தார். கல்யாண ஊர்வலங்களுக்கு அனுப்புவார், லீவு நாட்களில் அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு ஏறச் சொல்லிக்கொடுப்பார். ஒருநாள் தோழி வந்து பார்த்துவிட்டு, "உள்ளயே உக்காந்து என்ன பண்ணப் போற? எங்க தோட்டத்துக்கு வா, காத்தாட இருந்துட்டுப் போ" என்றாள்.

போனேன். அங்கே ஒரு பெட்டைக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். விட மனமில்லை.

"ஏறிப் பாக்கறீங்களாக்கா?" என்றார் தோழியின் கணவர்.

"எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே, பாய்."

"அதுக்கு நல்லாத் தெரியுங்க. நீங்க விழாம உக்காந்தாப் போதும்."

முதலில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவரே கூட நடந்தார். பிறகு குதிரை சுற்றிவரும் வட்டத்தின் நடுவில் நின்று, திரும்ப வேண்டிய பக்கத்தைக் குரலால் சொன்னார். குதிரை கர்நாடகத்திலிருந்து வாங்கியது. "நடி" என்றால் நடக்கும், "மெல்லகே" என்றால் தணியும். எனக்கும் கன்னடம் புழக்கம்தான் என்பதால் சிரமமில்லை. வாரம் தவறாமல் போனேன். ஒரு கோடையில், வறண்டு கிடந்த ஏரிக்குள் அவர் இன்னொரு குதிரையில் பக்கத்திலேயே வர, நான் ஓடவிட்டேன். எதிரே அதன் இரண்டு காதுகள் தவிர எதுவும் தெரியவில்லை. காற்று முகத்தில் அறைந்தது. இடிப்பேனோ என்ற நினைப்பே இல்லாமல் நான் வேகமாகப் போனது, பார்வை போன பிறகு அன்றைக்குத்தான்.

வீட்டுக்காரர் கரையில் நின்று பார்த்திருந்தார். பைக்கில் திரும்பும்போது, "பயமா இருந்துச்சு. வேணாம்னு சொல்லத்தான் வாய் வரல" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, தோழி போன் செய்தாள். "குதிரைக்கு வயிறு சரியில்ல. படுத்துப் பொரளுது. வர்றியா?"

ஆட்டோ பிடித்துப் போனேன். படுக்கவிடக் கூடாதென்று பாய் அதை நடத்திக்கொண்டே இருந்தார். அவர் ஓய்ந்தபோது கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன். குதிரையின் உடம்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. விலாவில் காதை வைத்தேன். எப்போதும் களகளவென்று கேட்கும் வயிறு சத்தமில்லாமல் கிடந்தது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், ஊசி போட்டார். மத்தியானம் அது முன்னங்கால் மடங்கி விழுந்தது. "குடல் முறுக்கிக்கிச்சு. வண்டியில ஏத்தினாலும் பெங்களூர் போய்ச் சேராது. வதைபடாம அனுப்பிடலாம்" என்றார்.

பாய் தலையை மட்டும் ஆட்டினார் போல. பிறகு கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார். தோழியும் நானும் அதன் தலையருகே உட்கார்ந்தோம். என் பார்வைக்கு அது துண்டு துண்டாகத்தான் அகப்பட்டது. ஒரு கண். ஒரு மூக்குத் துளை. கழுத்தில் ஈர மயிர். டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். கடைசி மூச்சை உள்ளங்கையில்தான் உணர்ந்தேன்.

பொக்லைன் வந்து தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டியது. மண் தெறிக்கும் என்று என்னை வேலி வரை தள்ளி நிறுத்தினார்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது, தலையிலிருந்து வால் வரை அது முழுசாக என் பார்வைக்குள் அடங்கியது. பக்கத்திலேயே இருந்த நாளெல்லாம் நான் அதை முழுசாகப் பார்த்ததே இல்லை. நெற்றியில் வெள்ளை இருந்தது தெரியும். பின்னங்கால் ஒன்றிலும் வெள்ளை இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

சில வாரம் கழித்துப் பாய் வேறொரு குதிரையில் ஏற்றிவிட்டார். நல்ல குதிரைதான். அதன் நடை என் இடுப்புக்குப் புரியவில்லை. ஒரு சுற்று முடிவதற்குள், "எறக்கி விடுங்க பாய்" என்றேன்.

இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிகிறது. குச்சி வைத்து நடக்கக் கற்றுக்கொண்டேன். கடை வரை தனியாகப் போய் வருவேன், மெதுவாக. தோழி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணி, தோட்டத்துக்கு வரச் சொல்லிக் கூப்பிடுவாள். இந்த வாரமும் கூப்பிட்டாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, அவள் வேறு பேச்சுக்குப் போனாள்.